இரண்டாவது சேர்வர்

கம்பனியின் பழைய சேர்வர் கணினி ஒரு நோஞ்சான். நாடு முழுக்க உள்ள மருந்துக்கடைகள் மருந்து கேட்டு அனுப்பும் ஓடர்களை விடியற்காலையில் சேர்த்துப் பிரிக்கிற வேலை அதனுடையது. பாதியில் படுத்துவிடும். உடனே கொழும்பு அலுவலகத்திலிருந்து கொலின்ஸ், உரும்பிராயில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் கஜானிக்குப் போன் எடுப்பான். அவள் அதைத் தட்டி எழுப்பி ஓடவிடுவாள். அது எழும்பும்வரை இருவரும் கதைப்பார்கள். அவன் சாவகச்சேரிப் பெடியன், மழையில் தொடங்கினால் மாம்பழத்தில்தான் நிற்பான்.

அவளின் தம்பிமார் வெளிநாட்டில். அம்மா கண்மூடிய பிறகு, அந்தப் பெரிய வீட்டில் கஜானிக்குக் கேட்கிற ஒரே மனிதக் குரல் அவனுடையதுதான்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "உன்னாலை பெரிய கரைச்சலடா தம்பி, மனுசரை நித்திரை கொள்ள விடமாட்டாய்" என்று ஒவ்வொரு நாளும் செல்லமாகத் திட்டுவாள். பாவி, அதை அப்படியே நம்பிவிட்டான். மேலிடத்தோடு சண்டை பிடித்து இரண்டாவது சேர்வர் ஒன்றை வாங்கவைத்தான்.

"இனி ஒண்டு விழுந்தா மற்றது பார்க்கும். நீங்களே செட் பண்ணுங்கோ அக்கா. பிறகு உங்களுக்குக் கரைச்சலே இல்லை" என்றான் பெருமையாக.

வேலையை இரண்டுக்கும் பங்கிட்டாள். ஒன்றிடமிருந்து எவ்வளவு நேரம் சத்தமே இல்லாவிட்டால் அது விழுந்துவிட்டதென்று மற்றது முடிவெடுக்கலாம் என்பதைப் போடுவது மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் வேலை தேங்கும், கொலின்ஸ் போன் எடுப்பான், ஒருவருக்கும் பிடிபடாது. கை தயங்கி நின்றது. எங்கோ ஓர் ஊரில் மருந்துக்குக் காத்து நிற்கிற சனத்தை நினைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது. சரியாகவே போட்டாள். பழையதை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். புதியது ஒன்றையும் தவறவிடாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது. அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த கிழமை முழுக்கப் போன் அடிக்கவே இல்லை. பழையது இடையில் விழுந்திருந்ததைத் திரையில் கண்டாள். ஒருவருக்கும் தெரியாமலே எல்லா வேலையும் முடிந்திருந்தது. தாங்கமுடியாமல் அவளே எடுத்தாள்.

"என்னக்கா, ஏதும் பிழையோ?" கொலின்ஸ் பதறினான்.

"ஒரு பிழையும் இல்லை. அதுதான் எடுத்தனான். உன்ரை கரைச்சல் இல்லாமல் இருக்கேலாமல் கிடக்கடா."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்கடை பகிடி மட்டும் குறையாது அக்கா! இனியெண்டாலும் ஆறுதலா நித்திரை கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.