கீழே வைடா, இத்வல்!

இத்வல் பதினான்கு வருடம் சம்பளத்துக்கு ரக்பி ஆடினான். அதில் பதினொரு வருடம், இரண்டு அணியும் தலைகுனிந்து கோத்துக்கொண்டு தள்ளுகிற ஸ்க்ரம்மில், அவன் தோளைப் பிடித்துத் தொங்கியவன் நான். நூற்றிருபது கிலோ. எதிரணி எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசைய மாட்டான். ஆனால் எங்கள் கும்நாந்த் பள்ளத்தாக்கில் அவனைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்வார்கள்.

அவனுடைய முதல் ஆட்டம், பத்தொன்பது வயது, கொட்டுகிற மழை. பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டினால் போதாது, பந்தைத் தரையில் அழுத்தினால்தான் ஐந்து புள்ளி. மடையன், கூட்டத்தில் அம்மாவைப் பார்த்ததும் ஒற்றைக் கையால் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அது வழுக்கி முன்னால் விழுந்தது, ஐந்து புள்ளியும் போயிற்று. ஒரு புள்ளியில் தோற்றோம்.

வெறும் வாயை மெல்லுகிற ஊர் எங்களுடையது, அவல் கிடைத்தால் விடுமா? அன்றிலிருந்து அவன் கடையில் ரொட்டியை எடுத்தாலும், மதுக்கடையில் கிளாஸைத் தூக்கினாலும் ஒரே குரல்தான்: "கீழ வைடா, இத்வல்!" மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் குழந்தையைத் தூக்கி நின்றபோது, தேவாலயத்துக்குள்ளேயே எவனோ கத்தினான். பாதிரியாரும் சிரித்தார். இத்வலும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்வரிசைக்காரனுக்குத் தள்ளுவதுதான் வேலை, பந்து கைக்கு வருவதே அபூர்வம். பதினான்கு வருடத்தில் அவன் ஒருமுறைகூடப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைக்கவில்லை.

கோப்பையின் இறுதி ஆட்டம்தான் அவனுக்கும் கடைசி. உடைமாற்றும் அறையில் காதுக்கு டேப் சுற்றிக்கொண்டே சொன்னான்: "ஹெவின், ஒண்ணே ஒண்ணு வச்சிட்டுப் போயிடணும்டா. இல்லன்னா என் கல்லறையிலயும் அதத்தான் எழுதுவானுங்க."

"மொதல்ல ஸ்க்ரம்ல ஒழுங்கா நில்லு, கிழவா."

எண்பது நிமிடம் முடிந்தபோது நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து மட்டும் எங்களிடம். அதை விட்டால் ஆட்டம் முடிந்தது. கோட்டுக்கு ஒரு மீட்டர். முட்டி மோதி எல்லோரும் குவியலாகக் கிடந்தார்கள், பந்து என் காலடியில். எனக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. குட்டையான ஆள் நான், குனிந்து புகுந்திருக்கலாம். இந்தச் சாக்கில் பெயரும் வாங்கியிருக்கலாம்.

"குடுடா," என்றது பக்கத்திலிருந்து இத்வலின் குரல்.

"விட்டன்னா நானே கொன்னுடுவேன்!" என்றேன்.

கொடுத்துவிட்டேன். அவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முட்டினான். மூன்று பேர் அவன் முதுகில் ஏறினார்கள். நான் பின்னாலிருந்து என் முழு பலத்தோடு தள்ளினேன். மைதானமே எழுந்து நின்று கத்தியது: "கீழ வைடா, இத்வல்! கீழ வைடா!" வாழ்க்கையில் முதல்முறையாக அது கேலியாக இல்லை. கெஞ்சினார்கள்.

வைத்தான். வைத்து அதன்மேலேயே குப்புறப் படுத்துவிட்டான். நடுவர் விசில் ஊதி, புள்ளி உண்டு என்று கையைத் தூக்கினார். இவன் எழவே இல்லை.

"முடிஞ்சுதுப்பா, எழுந்திரு," என்றார் நடுவர்.

"இன்னொரு தடவ ஊதுங்க சார். நல்லா பாத்துட்டு ஊதுங்க."

நடுவர் சிரித்துக்கொண்டே ஊதினார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது?

கோப்பையை முதலில் அவனைத்தான் தூக்கச் சொன்னோம். இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்தினான். பழக்கதோஷம், ஊரே ஒரே குரலில் கூவியது: "கீழ வைடா, இத்வல்!"

அந்த முதல் ஆட்டத்தன்று உட்கார்ந்த அதே இருக்கையிலிருந்து ஒரு கிழவி குடையை ஆட்டிக்கொண்டு எழுந்தாள். பதினான்கு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அவன் அம்மா.

"வைக்காதடா, என் ராசா! நான் இன்னும் பாத்து முடிக்கல!"