படுக்கைக்கு அடியில் இன்ஜின்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. பக்கத்து வண்டிக்காரன் லைலிடம் வாயால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கோழைகள் பலர் இப்படித்தான் எழுத்தாளர் ஆகியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் வரியை மூன்று முறை தொடங்கினேன்.

"அரிசோனா பாலைவனத்தில் ஜனவரி வெயில் பொன்னை உருக்கி வார்த்தது போல..." (வேண்டாம். நான் இருக்கும் இடத்தில் வெயில் வெயிலாகத்தான் இருக்கிறது.)

"வீடாகவும் இருக்கும் நாற்பதடி மோட்டார்ஹோம் ஒன்றில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தினமும் அரை லிட்டர் காணாமல் போனது. அது எங்கே போனதென்று மேற்படி வாகன உரிமையாளர்..." (புகார் மனு. ஆனால் விஷயம் என்னவோ இதுதான்.)

"லைல் தன் மனைவியின் படுக்கையைத் தூக்கினான்."

இது இருக்கட்டும்.

2

லைல் தன் மனைவியின் படுக்கையைத் தூக்கினான். அந்த வண்டியில் இன்ஜின் பின்பக்கம், படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கிறது. மெத்தைப் பலகையைத் தூக்கி நிறுத்தினால்தான் அதன் தலை தெரியும். அவன் மனைவி கொரினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஏழே வாரம். ஒவ்வொரு மதியமும் அவள் தூக்கத்தை விட்டு எழுந்து, ஊன்றுகோலோடு படியிறங்கி, மடக்கு நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. பதினோரு நாளாக இதே கூத்து.

"ஹனி, இன்னிக்குக் கண்டுபிடிச்சிடுவேன் பாரு."

"நேத்தும் இதைத்தான் சொன்ன. என் தலகாணியெல்லாம் டீசல் நாத்தம் லைல்."

(* எழுபத்தாறு வயதுக்காரனின் 'ஹனி'யைத் தமிழில் 'ஏம்மா' என்று மாற்றிப் பார்த்தேன். லைல் உடனே வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். பழையபடியே போட்டுவிட்டேன்.)

வீட்டை விற்றுவிட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த வண்டிதான் அவர்களுக்கு வீடு. அயோவாவில் மகள் ஷெல்பி தன் வீட்டில் ஒரு அறையைத் தயாராக வைத்திருக்கிறாள். இந்த வாரத்துக்குள் கசிவு பிடிபடாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு அங்கே போய்விடுவதென்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள், நான்தான் சாட்சி.

நான்கு மணிக்கு, குளிர்காலத்துக்கு இந்தப் பாலைவனத்தில் வண்டியை நிறுத்தியிருக்கும் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு வண்டியின் நிழலில் கூடுவது வழக்கம். பதினோரு நாளும் அது லைலின் வண்டிதான். ஆளுக்கொரு பீர், ஆளுக்கொரு அபிப்பிராயம். ரேடியேட்டர் என்றார்கள், பம்ப் என்றார்கள், யாரோ பூமியின் காந்தம் என்றார்கள். வண்டிக்கு அடியில் விரித்த அட்டைகளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நகரப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற டுவேன், ரேடியேட்டரில் கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் ஏற்றினான். பம்பின் அளவுமுள் மெல்ல மெல்ல இறங்கியது.

"முள்ளு இறங்குது. அப்ப ஒழுகுதுன்னு அர்த்தம். ஆனா எங்கயும் ஒழுகல. எனக்குத் தல சுத்துது லைல்."

"அது பீரு பண்ற வேலை. எந்திரி."

3

(இந்தப் பகுதி கட்டுரை போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் வண்டிகளுக்குள் ஒரு கோடு உண்டு. இந்தப் பக்கம் இன்ஜின், அந்தப் பக்கம் வீடு. இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு வேறு பேட்டரி. பழுது பார்க்கிறவர்களும் வேறு வேறு. லைலின் வண்டியில் இன்ஜின் பக்கம் அவனுடையது. குழாய், அடுப்பு, அலமாரி எல்லாம் கொரினுடையவை. ஒருவர் பக்கத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பது மரியாதையில்லை. இந்த ஒரு விதியால்தான் இத்தனை குறுகிய இடத்தில் இத்தனை தம்பதிகள் கொலை விழாமல் வாழ்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில், சோளரொட்டிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொரின் கொடியில் ஒரு வெள்ளைத் துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதன் நடுவில் பெரிதாக இளஞ்சிவப்பு ஈரம். தித்திப்பாக ஒரு வாசனை.

லைலின் கூலன்ட் இளஞ்சிவப்பு.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. ஓடிக் களைத்த இன்ஜினின் சூட்டை வீணாக்காமல், சில வண்டிகளில் ஒரு ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், அதன் கூலன்டைச் சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருக்கும் வாட்டர் ஹீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். போய்ச் சேர்ந்த இடத்தில் குளிக்க வெந்நீர் தயாராக இருக்கும். அந்த ஹோஸ் கோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் வருகிறது. அங்கே கசிகிறது, கொரின் துண்டால் ஒற்றி எடுக்கிறாள். லைல் அந்த அலமாரியைத் திறக்க மாட்டான். டுவேனுக்குத் தோன்றாது, அவன் பார்த்த பேருந்துகளில் யாரும் குளிக்கவில்லை.

4

இப்போது கொரினை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

முதல் வரைவில் அவள் அப்பாவி. தண்ணீர்க் குழாய்தான் ஒழுகுகிறது என்று நினைத்து, தன் பக்கத்து வேலையைத் தானே... (பொய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள்.)

இரண்டாம் வரைவில் அவள் கள்ளி. கணவன் படுக்கையைத் தூக்கித் திண்டாட, உள்ளுக்குள் சிரித்தபடி துண்டைப் பிழிகிறாள். (அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் துண்டை மறைக்கவும் இல்லை.)

ஆகவே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"எத்தனை நாளா தெரியும்?" என்று கேட்டேன்.

"மொதல் ரெண்டு நாள், செவப்புச் சட்டை சாயம் போயிருக்குன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நெனக்கல." துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "மர்ஃப், ஒன்பது வருஷமா நான் போன எந்த ஊர்லயும் என் பேரு தெரிஞ்ச ஒரு டாக்டர் கிடையாது. இடுப்பு ஒடஞ்சு கெடந்தப்ப, எங்க கெடக்குறேன்னு ஆம்புலன்ஸ்காரனுக்குச் சொல்லத் தெரியல எனக்கு. பயமா இருக்கு."

(* முருகையன் என்ற என் பெயரை இவர்கள் இப்படி ஆக்கி ஐந்து குளிர்காலம் ஆகிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.)

"அதை லைல்கிட்ட சொல்லலாமே."

"சொன்னேனே. நல்ல டாக்டர் இருக்குற ஊராப் பாத்து வண்டியைத் திருப்பினான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ சொல்லணும்னா சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். நானா சொல்ல மாட்டேன்" என்றாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சொல்லிவிடுகிறேன். லைல் அலமாரிக்குள் தலையைவிட்டு ஹோஸை இறுக்கும் ஒரு கிளாம்ப்பை மாற்றுகிறான். பத்து நிமிட வேலை. வண்டி கிளம்புகிறது. முன் இருக்கையில் கொரின் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் எங்கோ ஒரு ஊரில் மறுபடி விழுகிறாள். அந்த இடத்தின் பெயரை நான் எழுத...

இரண்டு: சொல்லவில்லை. வாரம் முடிகிறது, வண்டி விற்கிறது, ஷெல்பி வீட்டு அறையில் லைல் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவன் காரின் சத்தத்தைக் கேட்டு அதற்கு என்ன நோய் என்று சொல்கிறான்.

இரண்டாவதை எழுதி முடிப்பதற்குள் லைல் அதைக் கெடுத்துவிட்டான். இன்று மதியம் பன்னிரண்டு கேன் கூலன்டோடு வந்து இறங்கினான். "நாளைக்குக் காலைல கெளம்புறோம். யார்னெல் மலை ஏறிப் போறோம். கொதிச்சா நிறுத்துவோம், ஊத்துவோம், போவோம். கசிவு கிடக்கட்டும்." குலுக்கிய கையை மறந்துவிட்டான். அந்த மலைச் சாலையில் ஒதுங்கி நிற்க இடம் குறைவு. சூடேறி நிற்கும் வண்டிக்குள் கொரினும் இருப்பாள். இது தெரிந்தும் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. பிடிவாதமா, என்னை நம்பியிருக்கிறாளா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

6

இந்த வரியை எழுதும்போது லைல் என் மேசைக்கு வந்துவிட்டான். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவன், தாளை எட்டிப் பார்த்தான்.

"யாரப் பத்தி?"

"உன்னப் பத்தித்தான்."

"என் பேரு எது?" காட்டினேன். "கொரின்?" அதையும் காட்டினேன். இரண்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தான். "ரெண்டும் சுருட்டி வெச்ச ஹோஸ் மாதிரி இருக்கு. சரி, கதையில நான் கண்டுபிடிச்சிடுறேனா?"

"இன்னும் முடிவு பண்ணல."

அவன் தன் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கொரின்கிட்ட சொல்லிடாத. அந்த மலையை நெனச்சா எனக்கே பயமா இருக்கு. ஆனா ஷெல்பி வீட்டுல போய் உக்காந்துட்டா, நான் ஒரு வருஷம் தாங்க மாட்டேன் மர்ஃப்." மறுபடி தாளைத் தட்டினான். "உன் கதையில ஒருத்தனுக்குக்கூடவா தெரியாது, அது எங்க ஒழுகுதுன்னு?"

"படிக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"அடப்பாவி! முன்னப்பின்ன தெரியாத ஜனங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலயா?" என்று சிரித்தான். "அப்ப அவங்களையே கேளு. கேட்டுச் சொல்லு. நான் இருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அதனால் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.