பெருவிரல் தீர்ப்பு

இந்த நாட்டின் பல்கலைக்கழக ஆண்கள் ஐஸ் ஹொக்கிச் சம்பியன் யார் என்பதை ஏழு கோடி சனத்தில் வேறு ஒருவருக்கும் விடாமல் நானே தீர்மானித்தேன். அதுவும் வலது கைப் பெருவிரலால். எனக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. சறுக்குச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்ததுகூட இல்லை. அதுவரை நான் ஐஸைச் சந்தித்தது கிளாசுக்குள் மட்டும்தான். அன்றைக்கு அரங்கில் எண்ணாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். தங்கை றோஸ்மலரின் கணவன் மேர்வின் நூற்றிருபது பேர் என்பான். அவன் எதையும் குறைத்தே எண்ணுகிறவன்.

அவர்களுடைய ஒரே பிள்ளை ஜெராட். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போகும், பட்மின்டனுக்குப் போகும். இவன் ஒன்பது வயதில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று பனி அரங்குக்குப் போனவன், வெளியே வரவில்லை. பல்கலைக்கழகக் குழுவுக்குக் கோல் காப்பாளன் ஆனான். அவனுடைய கால் கவசம் ஒவ்வொன்றும் ஒரு வளர்ந்த கிடாய் அளவு. மூன்று வருடமாக அரையிறுதியில் தோற்ற குழு, அவனுடைய கடைசி வருடத்தில் இறுதியாட்டத்துக்கு வந்தது. றோஸ்மலர் நூற்றைம்பது மட்டன் ரோல்ஸ் பொரித்து கார் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெற்றிக்குப் பிறகு இரண்டு குழுவுக்கும் கொடுப்பதாம்.

போட்டியை நடத்தியவர்கள் மாணவர்கள்தான்; வழக்கமான மூன்று பகுதிக்குப் பதிலாக இரண்டு பாதி ஆட்டம். ஒவ்வொரு குழுவும் ஒரு கோல் நடுவரைக் கொண்டுவர வேண்டும். வலைக்குப் பின்னால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை கோட்டைத் தாண்டினால் பொத்தானை அழுத்தி விளக்கைப் போடுகிற ஆள். ஜெராட்டின் குழு பிடித்து வைத்திருந்த பெடியனுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றால் போனது. ஜெராட் முகமூடியோடு படிகளில் தொம் தொம் என்று ஏறி என்னிடம் வந்தான்.

"மாமா, வாங்கோ. ஒரு பட்டன் தான். முழு பக்கும் லைனைத் தாண்டினா அமத்துங்கோ. அரைவாசி போனா அமத்தாதேங்கோ."

"அரைவாசிக்கு அரைவாசி அமத்தட்டோ?"

"மாமா, ப்ளீஸ்."

என்னை ஏன் கேட்டான்? நிலக்கீழ் ரயிலின் நோர்தேர்ன் லைனில் நான் இருபத்தேழு வருடம் ரயில் ஓட்டினவன். கதவு மூடும்போது யாரோ போட்டிருக்கிற குளிர்கோட்டின் நுனி, ஒரு பையின் வார் சிக்கியிருந்தால் கண்டுபிடிக்க வேண்டும். பதினொரு லட்சம் கோட்டு நுனிகளைக் காப்பாற்றியிருக்கிறேன். அரச குடும்பத்துக் கோட்டும் ஒன்று அதில் இருந்திருக்கும். அங்கே யாருடைய கோட்டு என்று பார்க்கிற வேலை இல்லை. கண்டால் கை முந்தும்.

முதற்பாதியில் எனக்கு முன்னால் எதிரணியின் வலை. எங்கள் பெடியள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டு தரமும் நான் அழுத்தினேன். இரண்டு தரமும் றோஸ்மலர் எழும்பி நின்று, கோலை நான்தான் போட்டதுபோல எனக்குக் கை தட்டினாள்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெராட்டின் முதுகு. எதிரணியும் இரண்டு போட்டது. அரங்கு முழுவதும் கண்ட கோல்கள். அழுத்தினேன், ஒருவரும் குறை சொல்லவில்லை. முடிய இன்னும் ஒரு நிமிடம்தான் கிடந்தது. வலைக்கு முன்னால் ஒரு குவியல் விழுந்தது. ஐந்து பேர், கீழே ஜெராட்.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டப்போவதில்லை. பக் அவனுடைய இடது காலுக்குக் கீழே மெதுவாக வந்தது. கோட்டைத் தாண்டியது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரற்கடை வெள்ளைப் பனி தெரிந்தது. பிறகு கால் அசைந்தது. பக் வெளியே கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை எரியவிட்டது என் பெருவிரல் என்று எனக்கே பிறகுதான் விளங்கியது.

பிரதான நடுவர் சறுக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வந்து, முழுதாகப் போனதா என்று கேட்டார். தலையாட்டினேன். மூன்றுக்கு இரண்டு; எங்கள் பெடியள் தோற்றார்கள்.

கார் தரிப்பிடத்தில் றோஸ்மலர் டிக்கியைத் திறக்கவே இல்லை.

"அண்ணை, ரோட்டில போற பூனையைப் புலி எண்டு சொல்லுற ஆள் நீங்கள். இண்டைக்கெண்டு உங்களுக்கு உண்மை வந்திட்டுதோ?"

"பிள்ளை, நான் கண்டனான்."

"எத்தினையைத்தான் நீங்கள் காணேல்லை! ரயிலுக்குள்ள மானைக் கண்டனீங்கள். மகாராணி கையசைச்சதைக் கண்டனீங்கள். இப்ப என்ர பிள்ளையின்ர கழுத்தை அறுத்துப் போட்டு அதையும் கண்டனீங்களோ?"

"மேர்வின், நீ சொல்லன் மச்சான்."

"நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டெல்லோ இருந்தனான்," என்றான் மேர்வின்.

எல்லோருடைய கைபேசியிலும் பதிவாகியிருந்தது ஐந்து முதுகுகள்தான். றோஸ்மலர் மகனைப் பார்த்தாள். அவன் ஈரத்தலையோடு நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"லைனைத் தாண்டவே இல்லை அம்மா. ஐ சுவேர். என்ர காலில பட்டு நிண்டது."

"கேட்டியளோ? இனி என்ர வீட்டுப் பக்கம் வராதேங்கோ அண்ணை."

மனைவி இறந்துபோன பிறகு ஆறு வருடமாக, ஞாயிறு பூசை முடிந்தால் கோலியர்ஸ் வுட்டில் தங்கை வீட்டு மேசையில் எனக்கு ஒரு கதிரை இருந்தது. அது போயிற்று. எதிரணி என்னை நம்பியது. நடுவர் நம்பினார். ஜெராட்டின் சொந்தக் குழுவே இரண்டு நாளில் போகட்டும் விடு என்றது. இல்லை என்று நின்றவன் ஒரே ஒருவன். றோஸ்மலருக்கு அந்த ஒருவன் போதும்.

டயட்டில் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைக்ரோவேவ் பெட்டிச் சாப்பாடு. அதில் இருக்கும் கோழி இறந்தது போன நூற்றாண்டில். ஜெராட்டின் பட்டமளிப்பு விருந்துக்கு முந்நூறு பேரைக் கூப்பிட்டார்கள் என்று கேள்வி. நான் அன்றைக்கு சட்டனில் என் வீட்டு யன்னலை மூன்று தரம் துடைத்தேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வரும். றோஸ்மலர் முன்வரிசைக்குக் கும்பிடுவாள், பின்வரிசைக்குக் கும்பிடுவாள், அறியாத வெள்ளைக்காரக் கிழவிக்கும் கும்பிடுவாள். என் பக்கம் திரும்பும்போது கைகள் கீழே இறங்கிவிடும். ஐம்பத்திரண்டு ஞாயிறு. இதையும் நான் கூட்டவில்லை.

மாசி மாதம் போட்டிக்காரர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்புள்ள மிஸ்டர் பஸ்தியாம்பிள்ளை, தன் சொந்தப் பக்கத்துக்கு எதிராக விளக்கைப் போட்ட மனிதரை நாங்கள் மறக்கவில்லை, இந்த வருட இறுதியாட்டத்துக்கும் நீங்களே கோல் நடுவராக வரவேண்டும். விடுவேனா? சட்டனிலிருந்து வெஸ்ட் ஈலிங் வரை அறிவித்தேன். உலக ஐஸ் ஹொக்கிச் சங்கமே என் காலில் விழுந்ததாகச் சொன்னேன். ஒரு புதுக் கோட்டும் வாங்கினேன்.

அடுத்த சனி பின்னேரம் ஜெராட் வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தரம். வேலைக்குப் போகிற பெரிய மனுசன். கோட்டைக் கழற்றாமலே இருந்தான்.

"தேத்தண்ணி?"

"வேண்டாம் மாமா. ஃபைனலுக்கு நீங்கள் போகப் போறியளாம்."

"போறதோ? தூக்கிக்கொண்டு போகினம்."

"போகாதேங்கோ. இந்த முறை மெடல் குடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கினம். அம்மாவும் வாறா. நீங்கள் அங்க நிண்டா அவ உடனே திரும்பிப் போயிடுவா. பழைய ரீம் பெடியள் முழுக்க வருகினம். திருப்பியும் அந்தக் கதைதான் கிளம்பும்."

"கிளம்பட்டுமன். எனக்கென்ன?"

"மாமா."

அவனுடைய முகத்தைப் பார்த்தேன். தாயின் முகம்தான். எனக்குள்ளே ஒரு வருடமாக ஊறிக்கிடந்த கசப்பெல்லாம் ஒரே கேள்வியாக வந்தது.

"சரி, நான் போகேல்லை. ஆனா நீ எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. உள்ளை போனதோ, இல்லையோ?"

நான் கைபேசியை எடுத்து, சுகமில்லை, வர முடியாது என்று எழுதி, அவனுடைய கண்ணுக்கு முன்னால் அனுப்பினேன். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. வந்த காரியம் அவனுக்கு முடிந்துவிட்டது. எழும்பிப் போயிருக்கலாம். எழும்பவும் செய்தான். கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றான்.

"அம்மாட்டச் சொல்ல மாட்டியள் எண்டு முதல் சொல்லுங்கோ."

"நான் சொன்னா அவள் நம்பப் போறாளோ?"

அவன் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போனது மாமா. நல்லா உள்ளை போய்க் கிடந்தது. நான்தான் குதிக்காலால வெளியில தட்டிவிட்டனான்."