உட்கார்ந்தால்தான் ஓடும்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு மையிலிருந்து.

சிறிய பெட்ரோல் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுத வேண்டும். மூன்று கட்டங்கள்: கண்டது, செய்தது, விளைவு. போன வாரம் நான் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பயிற்றுநர் தேவேந்திரன் எழுதியிருந்தார்: ‘புவனேஸ்வரி, கதை வேண்டாம். விளைவு காலியாக இருக்கிறது.’

வேண்டாம் என்று அவர் எழுதிய பிறகுதான் அதில் கதை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. பகலெல்லாம் மேசை வேலை, மாலையில் வகுப்பு. கண் எரிகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தை இங்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலிக் கட்டத்தையும் சேர்த்துத்தான்.

2.

முதல் தொடக்கம்: ‘முசரவாக்கம் போகும் சாலையில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல...’

(வேண்டாம். எங்கள் மண்டபத்தின் நோட்டீஸில் இதே வரி இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான்.)

இரண்டாவது தொடக்கம்: ‘அன்று காலை தர்மன் வண்டியைக் கிளப்பியபோது அவர் மனத்தில் இனம்புரியாத ஒரு...’

(அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று காலை நான் பேருந்தில் இருந்தேன்.)

மூன்றாவது தொடக்கம் சாதாரணமாகவே இருக்கட்டும். நான் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பதிவு மேசையில் வேலை செய்கிறேன். மண்டபத்துக்குப் பின்னால் பெரிய புல்வெளி. வரவேற்பை வெளியில் வைக்க விரும்புகிறவர்களுக்கு அதைத்தான் வாடகைக்கு விடுகிறோம். அந்தப் புல்லை வெட்ட, மேலே உட்கார்ந்து ஓட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. பார்க்கக் குட்டி டிராக்டர் மாதிரி. வயிற்றுக்கு அடியில் கத்திகள் சுழலும். நாங்கள் புல்லு வண்டி என்போம். ஓட்டுபவர் தர்மன், திருப்புட்குழிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு டிராக்டர் ஓட்டியவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

முதலாளியின் பெயர் கலியாணசுந்தரம். (கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கு இந்தப் பெயரா என்று கேட்பீர்கள். மாற்றிப் பார்த்தேன். வேறு எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவர் கதைக்குள் வர மறுக்கிறார்.)

வண்டியைப் பற்றி ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆள் தவறி விழுந்தால் கத்தி மேலே ஏறிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் அது வேறு காரணத்துக்காக வேலை செய்தது. முதலாளியின் கார் உள்ளே வந்தால் தர்மன் எழுந்துவிடுவார். வண்டி நின்றுவிடும். கார் போன பிறகு உட்கார்ந்து மறுபடி கிளப்புவார். ஒரு நாளைக்கு நாலைந்து தரம்.

“பாத்தியாம்மா, என்னைக் கண்டா வண்டியே அடங்கிடுது” என்று முதலாளி என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

“எழுந்துக்காமத்தான் இருந்து பாருங்களேன்” என்று தர்மனிடம் சொன்னேன்.

“நானா எழுந்துக்கிறேன்? காலு எழுந்துக்குதும்மா” என்றார்.

(ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு எழுந்தால் எஞ்சின் ஓடுமே என்று வகுப்பில் கூடப் படிக்கும் அஜித் கேட்டான். ஓடும். எங்கள் வண்டியில் அதன் கொக்கி உடைந்து நெடுநாள் ஆகிறது.)

3.

ஆயுத பூஜை முடிந்து முதல் தடவையாகப் புல் வெட்டிய நாளில் வண்டி புகைந்தது. கொஞ்சநஞ்சமில்லை. மேடையில் பூ அலங்காரத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார்கள்.

முதலாளி அதை செல்போனில் படம் பிடித்து, பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் ராமராஜனுக்கு அனுப்பினார். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருப்பார்கள், மறுநாள் காலை வந்து எஞ்சினை இறக்கிப் பிரிக்கிறேன் என்பது. (ராமராஜனைக் கெட்டவராக எழுத ஒரு பத்தி முயன்றேன். வரவில்லை. புகையின் படத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.)

முதலாளி தர்மனைக் கூப்பிட்டார். நான் மேசையில் இருந்தேன்.

“எண்ணெய் பாக்காம ஓட்டிக்கினு இருந்திருக்கே. நாளைக்குப் பிரிக்கட்டும். ரிங்கு போயிருந்தா நீ வேற எடம் பாத்துக்கோ தர்மா.”

“சரிங்க.”

அவ்வளவுதான் பேச்சு. முதலாளி போனதும் தர்மன் என் மேசைக்கு வந்து தண்ணீர் குடித்தார்.

“இன்னா புவனா, நீதான் படிக்கிறியே. எண்ணெய் இல்லன்னா இவ்ளோ பொகைக்கு எதும்மா எரியுது? என் வயிறா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்க ஊர்ல டிராக்டர வித்துட்டாங்க. அபி இப்பத்தான் இஸ்கூலுக்குப் போவுது. வேற எடம் எங்க பாக்கிறது?”

அபி அவருடைய மகள். (அவளை இந்தக் கதைக்குள் நடத்திக்கொண்டு வந்தால் உங்களுக்கு இரக்கம் வரும். வேண்டாம், பள்ளியிலேயே இருக்கட்டும்.)

4.

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அடித்தேன். பூஜை அன்று நான் கேட்ட பேச்சு இதில் வருகிறது. சரியாகத்தான் கேட்டேனா என்ற சந்தேகம் வந்துகொண்டே இருக்கிறது. வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில்தான்.

முதலாளியின் மனைவி காந்தா அம்மா ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜெனரேட்டரில் டீசல், இன்வெர்ட்டரில் தண்ணீர், எல்லாம் தளும்பத் தளும்ப நிரப்பச் சொன்னார். பூஜையில் வைப்பது எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. புல்லு வண்டிக்கு வந்தார்.

“எண்ணெய் ரொம்பி இருக்குதா?”

“குச்சியில கோடு வரைக்கும் இருக்குதும்மா.”

“கோடு மனுஷனுக்கு. சாமிக்கு எதுக்குப்பா கோடு? ஊத்து.”

தர்மன் ஊற்றினார். பிறகு சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினோம். நானும் கும்பிட்டேன். பொரி நன்றாக இருந்தது.

வண்டி புகைந்த அன்று என் மேசையருகே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தர்மனிடம் இதை நினைவுபடுத்தினேன். எண்ணெய் அளவுக்கு மேல் போனாலும் அது எரிந்து புகையும். “ஐயாகிட்ட சொல்லுங்கண்ணா.”

“இன்னான்னு? உங்க வூட்டம்மாதான் ஊத்தச் சொன்னாங்கன்னா? அந்தம்மா சாமிக்குன்னு சொன்னாங்க. சாமி மேல பழி போடச் சொல்றியா?” செம்பைக் கீழே வைத்தார். “நீயும் சொல்லாத. சொன்னா அவங்களுக்கும் சங்கடம். அப்புறம் நான் இங்க இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

சொல்ல மாட்டேன் என்றேன். (உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கதைக்கு வெளியே இருப்பதால் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.)

ஆகவே ஒரே வழிதான் இருந்தது. ராமராஜன் வருவதற்குள் புகை நிற்க வேண்டும். நின்றுவிட்டால் யார் ஊற்றினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

5.

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. நாட்குறிப்பில் உள்ளபடி எழுதுகிறேன்.

கண்டது, ஒன்று: நிறம். முதலாளி கறுப்புப் புகை என்றார். பூ அலங்காரக்காரர்கள் வெள்ளை என்றார்கள். தர்மன் “பொக நிறத்துல” என்றார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் கலந்த வெளுப்பு என்றால் எண்ணெய் எரிகிறது. என் அப்பா வேலாயுதம் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். டியூப்லைட்டின் கீழே அவர் ஒருநாளும் நிறம் பார்க்க மாட்டார். சாயம் தோய்த்த நூல் கழியை வெளியே எடுத்து வந்து, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். தர்மனைக் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பச் சொல்லி, நானும் அப்படியே செய்தேன். வானத்துக்கு எதிரே அந்தப் புகை பழுப்பாகத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு போய், சமையற்கூடத்தின் கரி படிந்த சுவரைப் பின்னணியாக வைத்துப் பார்த்தபோது நீலம். ஆளுக்கு ஒரு நிறம் சொன்னதற்கு அவரவர் நின்ற இடம்தான் காரணம்.

கண்டது, இரண்டு: அளவுக்குச்சியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய எண்ணெய், குச்சியின் கழுத்துவரை இருந்தது. ஏர் ஃபில்டர் பஜ்ஜி மடித்த காகிதம் போல ஊறிக் கிடந்தது. பிளக் ஈரம்.

செய்தது: எண்ணெயை ஒரு பழைய டின்னில் இறக்கி, மேல் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு ஃபில்டர் போட்டேன். பிளக்கைத் துடைத்தேன்.

அளவுக்குச்சியையும் துடைத்தேன். அங்கேதான் தவறு செய்துவிட்டேனோ என்று இப்போது உறுத்துகிறது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால்? ஆனால் காட்டியிருந்தால் யார் ஊற்றியது என்று கேட்டிருப்பார். காட்டாததால்...

(இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

இன்னொரு சந்தேகம் இதைவிடப் பெரியது. அதிக எண்ணெயில் ஓடிய எஞ்சின் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கவும் கூடும். பிரிக்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: ஓட விட வேண்டும். சைலென்சருக்குள் தேங்கிய பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். அதுவரை நல்ல எஞ்சினும் கெட்ட எஞ்சினும் ஒரே மாதிரிதான் புகையும். தீர்ந்த பிறகும் புகைந்தால் தர்மனுக்கு வேலையில்லை.

இதை அவரிடம் சொன்னேன்.

“எவ்ளோ நேரம்மா?”

“தெரியலண்ணா. பொக தீர்ற வரைக்கும்.”

“அதுவரைக்கும் நான் இன்னா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். உக்காந்துக்கினே இருக்கணும்.”

“இதுக்காம்மா படிக்கிறே?” என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

(நீயே உட்கார்ந்திருக்கலாமே என்பீர்கள். உட்கார்ந்தேன். என் எடையை அந்தச் சுவிட்ச் மதிக்கவில்லை. கிளப்பியதும் எஞ்சின் நின்றுவிட்டது. “சாப்புடு புவனா, சாப்புடு” என்றார் தர்மன். இருக்கையில் ஒரு அரிசி மூட்டையை வைத்திருக்கலாம் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. சமையற்கூடத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எனக்கு எல்லாம் தாமதமாகத்தான் தோன்றும் என்று எப்போதும் சொல்வார்கள்.)

6.

கிளப்பினார். முன்பைவிட மோசமாகப் புகைந்தது. புல்வெளியில் எதிரில் இருந்த மேடை மறைந்துபோனது. எதிர்பார்த்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது. கரிச்சுவரைப் பார்த்தேன். மெலிந்ததா, காற்று மாறியதா?

அப்போது வாசலில் கார் ஹாரன் கேட்டது.

முதலாளி இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு காந்தா அம்மாவும் இறங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இருவரும் புல்லின் மேல் நடந்து வந்தார்கள். அந்த டின் வழியிலேயே இருந்தது, வாய்வரை எண்ணெயோடு.

“இன்னாடா இது? யார் கிளப்பச் சொன்னது?”

தர்மனின் கைகள் ஸ்டியரிங்கை விட்டன. இரண்டு கால்களும் மிதியிலிருந்து இறங்கின. முழங்கால் நிமிரத் தொடங்கியது.

“எழுந்துக்காதீங்கண்ணா” என்றேன்.

எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

7.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் காந்தா அம்மா டின்னைப் பார்க்கிறார். “நான்தாங்க ஊத்தச் சொன்னேன்” என்கிறார். முதலாளி சிரித்துவிடுகிறார். (படித்துப் பார்த்தேன். தர்மன் அந்த முடிவில் ஒன்றுமே செய்யவில்லை. அவர் வேலையைக் காப்பாற்றியது அவர் வாயும் இல்லை, காலும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது முடிவில் தர்மன் எழுந்துவிடுகிறார். வண்டி நிற்கிறது. மரியாதையான அமைதி. காலையில் ராமராஜன் ஸ்பேனர்களோடு... (இதை எழுதும்போது கை நிற்காமல் ஓடியது. மிகச் சுலபமாக வந்தது. அதனாலேயே பயந்து நிறுத்திவிட்டேன்.)

மூன்றாவதில் அவர் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி நிற்கிறார், அம்மா நிற்கிறார், நான் நிற்கிறேன். அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்து, “பொக தீரட்டும் சார்” என்கிறார். (சார் என்று அவர் சொல்ல மாட்டார். ‘ஐயா’ என்று திருத்தினேன். திருத்தியதும் அவர் பாதி எழுந்துவிட்டார்.)

அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். தேவேந்திரன் சாரும் அதைத்தான் கேட்கிறார். ஆனால் புகை நின்றது என்று எழுதினால் தர்மன் உட்கார்ந்திருப்பதே சரி என்று ஆகிவிடும். நிற்கவில்லை என்று எழுதினால், எழுந்ததே நல்லது என்பீர்கள். ஒருவர் தன் வேலையைச் செய்யும்போது உட்கார்ந்திருக்கலாமா என்பதைப் போய் ஒரு சைலென்சரிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஆகவே இங்கேயே விடுகிறேன். எஞ்சின் ஓடுகிறது. புகை வருகிறது, கரிச்சுவருக்கு எதிரே நீலமாக. முதலாளி இன்னும் நாலு எட்டு வைத்தால் வண்டியருகே வந்துவிடுவார். தர்மன் இருக்கையிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பியிருக்கிறார். கீழே சுவிட்சின் சுருள்கம்பி பாதி விரிந்திருக்கிறது. இன்னும் விடவில்லை.

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் குரல் அவ்வளவுதான். நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.