தந்தியின் அடியில் இருந்த பெயர்

அன்று இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கிராமப்புறத்து வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: தூதர் சர் லயனல் தோர்பி, அவர் மனைவி மிரியம், குடும்ப வக்கீல் குரோம்டன், லயனலின் அக்கா ஆகதா. வேறு யாரும் இல்லை.

விசாரணைக் குழுவுக்கு லயனலின் பதில் ஐந்து மணித் தபாலில் போயாக வேண்டும். மணி நாலைத் தாண்டியிருந்தது. வக்கீல் எழுதிக் கொண்டுவந்த கடிதம் மேஜையில் கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி.

தூதராகப் போயிருந்த நாட்டில் லயனல் மலேரியாவில் நினைவிழந்து கிடந்த வாரத்தில், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஹாலம், 'தலைநகர் அமைதியாக இருக்கிறது, நம் குடும்பங்கள் வெளியேறத் தேவையில்லை' என்று லண்டனுக்குத் தந்தி அடித்துவிட்டார். நான்காம் நாள் கலவரம். அணை கட்டப் போன எஞ்சினியர் ஒருவரும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். தூதரகத்தில் யார் எழுதினாலும் தந்தியின் அடியில் தூதரின் பெயர்தான் போகும். பத்திரிகைகள் தோர்பியைக் கிழித்தன.

"போடுடா கையெழுத்த," என்றாள் ஆகதா. "நான் எழுதலன்னு ஒரு வரி. தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பேரைக் காப்பாத்தி வச்சிருக்கோம்."

"அண்ணி, அவர் ராத்திரியெல்லாம் தூங்கல," என்றாள் மிரியம்.

"நான் மட்டும் தூங்கினேனா?"

குரோம்டன் தொண்டையைச் செருமினார். "எழுதினதுக்கு எனக்குக் கூலிகூட வேண்டாம் சார். கையெழுத்து போதும்."

லயனல் சிரிக்கவில்லை. "காய்ச்சல் வந்த அன்னிக்கே பொறுப்பை ஹாலம்கிட்ட ஒப்படைச்சிருக்கணும்க்கா. ஒப்படைச்சிருந்தா தந்தி அவர் பேர்ல போயிருக்கும், லண்டனும் ரெண்டு தடவை கேட்டிருக்கும். என் பேரைப் பார்த்து நம்பிட்டாங்க."

"ஏன் ஒப்படைக்கல?"

"தோர்பி வீட்டுல எவனும் காய்ச்சல்னு படுத்ததில்லைன்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை வளர்த்த?"

ஆகதாவுக்கு உட்காரத் தோன்றியது. உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

லயனல் வேறொரு தாளை எடுத்து, தந்தி தன்னுடையதே என்றும், அன்றே பணியிலிருந்து விலகுவதாகவும் எழுதி மடித்தார். எழுந்தபோது கால் தள்ளாடியது. கடிதத்தைத் தானே வாங்கிக்கொள்ள ஆகதா கையை நீட்டினாள்.

தபால் பெட்டிவரை கால் மைல். வழியில் இரண்டு முறை கிழிக்க நினைத்தாள். தபால் வண்டி வந்து நின்றது. அந்தக் குழந்தைகளின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டுவிட்டாள்.

தோர்பியை வெளியுறவுத் துறை துரத்திவிட்டதாக இன்றும் சொல்கிறார்கள். இல்லை. அவரே விலகினார். கடிதத்தைப் பெட்டியில் போட்டவள் அவர் அக்கா.