சமையற்கட்டின் கரிச்சுவர்

வெள்ளைக்காரத் துரை செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் மேசையில் கொட்டிய மைக்கறை மட்டும் இன்னும் சாகவில்லை. அதற்கு மேலே ஒரு கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பித்தளைச் சட்டம், பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இந்த மரியாதை கிடைக்குமா, சொல்லுங்கள்.

அந்த மைக்கறைக்குக் காவல்தான் சாவிக்கொத்து. இருபத்தெட்டு வருஷமாக இடுப்பில் முப்பத்தோரு சாவியோடு அலைந்ததில் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து, அதுவே பெயராகிப்போனது. மாளிகையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர்தான் வழிகாட்டி. துரையின் கட்டில், துரையின் தொப்பி, துரை சுட்ட மானின் கொம்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை மூச்சுவிடாமல் பேசுவார். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வாய்க்குப் பூட்டு. வீட்டில் பேச வேண்டியதையும் சேர்த்துத் துரைக்கே பேசித் தீர்த்துவிடுகிறான் என்பாள் அக்கா. அதில் பொய்யே கிடையாது.

வீடு என்றால் மாளிகைக்குப் பின்னால் இருந்த பழைய சமையற்கட்டு. துரையின் மூக்கில் புகை ஏறக்கூடாது என்று நாற்பதடி தள்ளித் தனியாகக் கட்டியது. இவர்களுடைய கொள்ளுத்தாத்தா அங்கேதான் துரைக்குச் சமைத்தார். துரை போனார், கொடி மாறியது, மாளிகை அருங்காட்சியகம் ஆனது. சமையல்காரர் குடும்பம் காவல் வேலைக்கு மாறி அங்கேயே குடியிருந்தது. இப்போது மிச்சம் இரண்டே பேர். சாவிக்கொத்தும், புருஷன் செத்த பிறகு தம்பியிடமே வந்துவிட்ட அக்காவும்.

அந்த வீட்டின் வடக்குச் சுவர் தரையிலிருந்து கூரைவரை கரி. பழைய விறகு அடுப்புகள் அங்கேதான் வரிசையாக இருந்தன. எரிவாயு அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாகியும் கரி போகவில்லை. எருமைத் தோல்போலத் தடித்துக் கிடந்தது. அக்காவுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே உடம்பு கூசும். ஒருமுறை பெரியப்பா மகள் வந்தவள், புடவையில் ஒட்டிக்கொள்ளும் என்று கடைசிவரை உட்காராமலே போய்விட்டாள். ‘கரிவீட்டுக்காரங்க’ என்று உறவுக்குள் பேச்சு. சுண்ணாம்பு அடிக்கலாம் என்று அக்கா ஆரம்பித்தால், “ஒரு ஆணி அடிக்கவே அனுமதி வாங்கணும்க்கா” என்று தம்பி வாயை அடைத்துவிடுவார்.

இந்த நிலைமையில்தான் சமையற்கட்டை இடித்து வண்டி நிறுத்த இடம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அது துரை காலத்துக்குப் பின்னால் கட்டியதாம், காப்பாற்றும்படி பழமை ஒன்றும் இல்லையாம். எந்த அறிவாளி கண்டுபிடித்தானோ! சாவிக்கொத்துக்கு அது பிறந்த வீடு; போக வேறு போக்கிடம் இல்லை. ஆனால் அக்காவிடம் மூச்சு விடவில்லை. போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்தவள். நிச்சயமான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிக்கொண்டார்.

இடிப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத் திங்கட்கிழமை ஒரு பொறியாளர் வந்தார். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற பெண்மணி. அக்கா மருத்துவமனைக்குப் போயிருந்த நேரம். கைவிளக்கைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்துப் பார்த்தவர், அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

“இங்க வாங்க. விரல் தடம் தெரியுதா?”

தெரிந்தது. கரிக்குள் வரிவரியாகக் கட்டைவிரல் தடங்கள்.

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம். இன்னிக்கு விருந்துக்கு எத்தன பேருன்னு பட்லர் வந்து சொல்லுவாராம். தாத்தா விரல சுண்ணாம்புல தொட்டு, தலைக்கு ஒண்ணா சுவத்துல வச்சுக்குவாராம். எங்கப்பா சொல்லுவாரு. நான் கதை விடுறாருன்னு நெனச்சேன்.”

“கதையில்ல. ஒரு விருந்து, அதுமேல கரி, அதுமேல அடுத்த விருந்து. அடுக்கடுக்கா இருக்கு. துரையோட விருந்து டைரி மாளிகையில இருக்கில்ல? ரெண்டையும் ஒத்துப் பாத்தா, இது துரை காலத்துக் கட்டடம் இல்லன்னு எவனும் வாயத் தொறக்க முடியாது. வியாழக்கிழமை குழுவக் கூட்டிட்டு வரேன். ஆய்வுக்கூடத்து ஆளும் வருவார். அதுவரைக்கும் யாரும் இதத் தொடக்கூடாது.” எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “துரையப் பத்தி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கு. அவருக்குச் சோறு போட்டவரப் பத்தி இந்தச் சுவர் மட்டும்தான் இருக்கு.”

அவர் போன பிறகு சாவிக்கொத்து ஒரு தடத்துக்குப் பக்கத்தில் தன் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருஷம் துரையின் மைக்கறையைத் துடைத்துத் துடைத்துக் காத்தோமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

அக்கா வந்ததும், “வியாழக்கிழமை பெரிய ஆளுங்க நம்ம சமையக்கட்டப் பாக்க வராங்க” என்றார்.

“நம்ம வீட்டையா? எதுக்குடா?”

“சும்மாதான்.”

சும்மாதானாம்! ‘சுவரைத் தொடாதே’ என்று சேர்த்துச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் இடிக்கிற கதையைச் சொல்ல வேண்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இத்தனை வருஷம் தொடாத சுவரை மூன்று நாளில் தொட்டுவிடப் போகிறாளா என்று நினைத்துவிட்டார்.

புதன்கிழமை விடிந்ததும் மாளிகைக்குப் போனவர், மறுநாள் வருகிறவர்களுக்காகப் படிக்கட்டைக் கழுவி, பித்தளையைத் துலக்கிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினார். வாசலிலேயே சுண்ணாம்பு வாசனை. உள்ளே வடக்குச் சுவர் வெள்ளைவெளேரென்று நின்றது. புடவையைத் தூக்கிச் செருகி, தலையெல்லாம் சுண்ணாம்போடு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம்!

“எப்படிடா இருக்கு? மதிலுக்கு அடிச்ச சுண்ணாம்பு கொட்டகையில மிச்சம் கெடந்துச்சு. பெரிய மனுஷங்க வர்ற அன்னிக்கு உன் மானம் போகலாமா?”

அவருக்கு ஒரு நப்பாசை. “கரிமேலயே அடிச்சிட்டியாக்கா?”

“நான் என்ன பைத்தியமா? கரிமேல சுண்ணாம்பு நிக்குமா? சோடாத்தூள் கரைச்சு ஊத்தி, செங்கல் துண்டால அடியில இருக்கற காரை தெரியுற வரைக்கும் தேச்சேன். கையப் பாரு.”

உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தம் கசிந்திருந்தது. சாவிக்கொத்துக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தச் சுவரிலேயே தலையை முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நெஞ்சுவலிக்காரி ஒற்றை ஆளாக ஒரு நாள் முழுக்கத் தேய்த்திருக்கிறாள், அதுவும் இவர் மானத்துக்காக.

“நல்லா இருக்குக்கா” என்றார். எண்ணெய் எடுத்து வந்து அவள் கையில் தடவிக் கட்டுப் போட்டுவிட்டார்.

மறுநாள் குழு வந்தது. எல்லோருக்கும் முன்னால் வேகமாக உள்ளே வந்த பொறியாளர் சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்த குழுத் தலைவர் சுவரைத் தட்டிப் பார்த்து, “நேத்து கட்டின மாதிரி இருக்கே” என்று சிரித்தார். ஆய்வுக்கூடத்து ஆள் பாதி திறந்த பெட்டியை மூடினார்.

“யாரு இதப் பண்ணது?” என்றார் பொறியாளர்.

அக்காவுக்கு இப்படி ஒரு கேள்வியை எதற்குக் கேட்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. பாராட்டத்தான். முகமெல்லாம் பூரித்து ஓரடி முன்னால் வந்தாள்.

“நான்தான் மேடம்” என்றார் சாவிக்கொத்து, சட்டென்று. “தேச்சதும் நான்தான், அடிச்சதும் நான்தான்.”

பொறியாளர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அக்கா தம்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வாயால் சொல்ல முடியாது.

இரண்டு மாதத்தில் சமையற்கட்டை இடித்தார்கள். அனுமதியில்லாமல் சுவரைத் தொட்டதற்குச் சாவிகளை வாங்கிக்கொண்டு அவரை வெளிவாசலில் உட்காரவைத்தார்கள். “இவ்வளவு சுத்தமா வச்சிருந்தும் இடிக்கிறானுங்களே, கண்ணவிஞ்சவனுங்க” என்று அக்கா மண்ணை வாரித் தூற்றினாள். மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அங்கே அவள் தம்பியோடு நேராகப் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், தண்ணீரை வைப்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் சோறு போடும்போது தாங்க முடியாமல் உடைந்தாள்.

“எங்க அக்கா பண்ணதுன்னு ஒரு வார்த்த சொன்னா உன் கிரீடம் எறங்கிடுமாடா? என் ஆயுசுக்கு ஒரே ஒரு நாள், பெரிய மனுஷங்க யாரு பண்ணதுன்னு கேட்டாங்க. அதையும் நீ பிடுங்கிக்கிட்ட.”

சாவிக்கொத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் உள்ளங்கையில் தழும்பு இன்னும் மங்காமல் சிவந்திருந்தது.

“தப்புதான்க்கா” என்றார். “சொல்லியிருக்கணும்.”

“இனிமே சொல்லி என்னத்துக்கு” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.