நூற்று முப்பது, எண்பது

பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலாந்தாம் ஓடினாள். ஐம்பத்தொரு வயது. முழங்கால் வலி. காலில் அறைக்குள் போடும் துணிச்செருப்பு. விமானங்கள் நிற்கும் சிமெண்டுத் தரையில் நேற்றுப் பெய்த பனி கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது. எதிரே நின்ற அந்தச் சின்ன ஜெட்டின் மூன்று எஞ்சின்களில் ஒன்று ஏற்கெனவே ஊளையிட ஆரம்பித்திருந்தது. வால் பக்கத்துப் படிக்கட்டை இன்னும் தூக்கவில்லை. தூக்குவதற்குள் போய்விட வேண்டும்.

எரிபொருள் வண்டியின் ஜன்னலிலிருந்து அவள் மகன் தவ்லத் தலையை நீட்டினான்.

"அம்மா, செருப்போட எங்க ஓடுற? உனக்கு யாரு சீட்டுப் போட்டு வெச்சிருக்கா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினைந்து நிமிடம் முன்பு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தலைநகர் துஷான்பேயின் விமான நிலையத்தில் பறக்கப் போகிற விமானி எவரும் முதலில் குலாந்தாமின் அறைக்கு வந்து கையை நீட்டியாக வேண்டும். அவள் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி முத்திரை குத்துவாள். பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். பழைய பெரிய தேசத்து விமானக் கம்பெனி போட்ட சட்டம் அது. தேசம் உடைந்தபோது கம்பெனியும் உடைந்தது. அன்றைக்கு எந்த ஊரில் எந்த விமானம் நின்றதோ அது அந்த ஊருக்குச் சொந்தம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பார்கள். இங்கே விமானங்கள் மிஞ்சின, சட்டம் மிஞ்சியது, விமானிகள் மிஞ்சவில்லை. பாதிப் பேர் ரஷ்யாவுக்குப் போனார்கள், மீதிப் பேர் ஆப்பிரிக்காவில் சரக்கு ஓட்டப் போனார்கள். மலைகளுக்கு நடுவே கிடக்கும் கோரோக் ஊரின் பள்ளத்தாக்குக்குள் விமானத்தைக் கொண்டுபோக அனுமதி உள்ளவர் என்று கடைசியில் மிஞ்சியது ஒரே ஒருவர்தான். கேப்டன் நசர்ஷோ.

அந்தப் பாதையில் விமானம் மலைகளுக்கு மேலே பறப்பதில்லை, நடுவே பறக்கிறது. ருஷான் என்ற ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு மனசு மாறினாலும் திரும்ப இடமில்லை.

இன்று காலை நசர்ஷோ வழக்கம்போல இடது கையை நீட்டினார். வழக்கம்போல நூற்று முப்பது, எண்பது. பதினோரு நாளாக மூடிக் கிடந்த கணவாய் விடியும்போது திறந்திருக்கிறது, இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கோரோக் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லையாம். சாலையோ பனியில் புதைந்து கிடக்கிறது. அவளை இங்கே கொண்டுவர இந்த விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. கையெழுத்துப் போடும்போது பேனா கீழே விழுந்தது. "உன் பேனா உறைஞ்சு போச்சு, குலாந்தாம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பேனா கணப்புக்கு மேலே இருந்தது. உறைய வழியில்லை.

அவர் போன பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக ஒரே கையெழுத்து, அச்சடித்த மாதிரி. இன்றைக்கு அது பாதி வரை சரியாக வந்து, பிறகு கோட்டை விட்டு இறங்கி, அடுத்த பெட்டியைத் தாண்டி, தாளின் ஓரத்தில் போய் நின்றிருந்தது. வலது கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. மூளைக்குள் ஏதோ ஆரம்பித்துவிட்டது.

படிக்கட்டில் ஏறி உள்ளே நுழைந்தாள். இருபத்தைந்து தலைகள் திரும்பின. குல்லா போட்ட பெரியவர் ஒருவர் அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்து வழிவிட்டார்.

"வாம்மா டாக்டரம்மா. பதினோரு நாளா பெஞ்சுலதான் குடித்தனம். எங்க பிரஷரையும் பாத்துட்டுப் போ, எவ்வளவு ஏறியிருக்குன்னு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் விமானி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். இடது இருக்கையில் நசர்ஷோ. வலது இருக்கையில் துணை விமானி சியோவுஷ், முப்பது வயது, கோரோக் பாதைக்கு இன்னும் அனுமதி வாங்காதவன். எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டும் பிடிகள் இருவருக்கும் நடுவில் இருந்தன. அவற்றின் மேல் இருக்க வேண்டிய கேப்டனின் வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

அவள் பதிவேட்டை விரித்துக் காட்டி, இறங்குங்கள் என்றாள்.

நசர்ஷோ அதைப் பார்க்கக்கூட இல்லை. "கையெழுத்துக்கு என்ன? காதல் கடுதாசியா எழுதுனேன்?" குரல் லேசாகக் குழறியது. எஞ்சின் சத்தத்தில் அது சியோவுஷுக்குக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

சியோவுஷ் பதிவேட்டை வாங்கிப் பார்த்தான். அவன் விரல் நேராக எண்ணின் மேல் போய் நின்றது. "அக்கா, நூத்தி முப்பது, எண்பது. என்னோடதைவிட நல்லா இருக்கு. முத்திரை குத்துனது நீங்கதானே? கால் மணி நேரத்துல என்ன ஆயிடுச்சு?"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பேனா விழுந்ததைச் சொன்னாள். பேச்சு குழறுவதைச் சொன்னாள். பள்ளத்தாக்கின் நடுவில் இவருக்கு ஏதாவது ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேரையும் நீயா கரை சேர்ப்பாய் என்று கேட்டாள். சியோவுஷ் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு மறுபடியும் அந்த எண்ணையே பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த எண்ணை நம்பத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ரேடியோ கரகரத்தது. இப்போதே கிளம்பினால்தான் கணவாயை மேகம் மூடுவதற்குள் போய்த் திரும்ப முடியும், கிளம்புகிறீர்களா இல்லையா என்று கோபுரத்திலிருந்து கேட்டார்கள். கோரோக்கில் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஓடுபாதை ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்களாம்.

"கேட்டியா?" என்றார் நசர்ஷோ. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எறங்கிடு, குலாந்தாம். இதுக்கு மேல பேசுனா உனக்குத்தான் நல்லதில்ல."

அது மிரட்டல் அல்ல. கெஞ்சல். அவளுக்காகத்தான் கெஞ்சுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அந்த இடது கை பொய் சொல்லும், சியோவுஷ்."

"என்ன?"

"ரத்தக்குழாய் சுருங்கிப் போன கை அது. அதுல எப்பப் பாத்தாலும் நூத்தி முப்பதுதான் காட்டும். வலது கையில பாத்தா இருநூறைத் தாண்டும். மூணு வருஷமா நான் பொய்யத்தான் எழுதிட்டு வர்றேன்."

சியோவுஷ் கேப்டனைப் பார்த்தான். நசர்ஷோ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் உங்களை ஏமாத்துனாரா?"

"ஏமாத்துனது அவரு இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அவரு வலது கையைத்தான் நீட்டுனாரு. இருநூத்திப் பத்து. என்னால இன்னைக்குப் பறக்க முடியாதுன்னு அவரே சொன்னாரு. அந்தக் கைய எடுங்க, இந்தக் கையக் குடுங்கன்னு சொன்னது நான். கால்ல விழுந்து அனுப்புனது நான். அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு."

சியோவுஷ் தலையில் மாட்டியிருந்த கேட்பானை மெதுவாகக் கழற்றினான். ரேடியோ மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. ஓடுபாதை ஓரத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது குலாந்தாமுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எதுக்கு அக்கா? அப்படி யாருக்காக அனுப்புனீங்க?"

அவள் முன்கண்ணாடியைக் காட்டினாள். எரிபொருள் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, விமானத்தின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருந்தான் தவ்லத். சின்னக் கம்பெனி, எண்ணெய் ஊற்றுவதும் அவன்தான், வழிவிடுவதும் அவன்தான்.

"அன்னைக்குக் கோரோக் ஆஸ்பத்திரியில குடல் வெடிச்சுக் கெடந்தது அவன்."

வெளியே தவ்லத், வழியில் தடையில்லை, போகலாம் என்று கையுறை போட்ட வலது கையை உயர்த்தினான். உள்ளேயிருந்து பதிலுக்குக் கேப்டனின் வலது கை உயர வேண்டும். அதுதான் வழக்கம். அவன் கையை இறக்காமல், மூச்சுப் புகைய, காத்துக்கொண்டு நின்றான்.